மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசமா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். வயது 36. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்துபோவார். ஒரே மகன், 9 வயது. நாலு வயதில் அவனுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. அன்றிலிருந்து நரம்பியல் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை இரண்டு வேளையும் தவறாமல் கொடுக்கிறார். வலிப்பு நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுசாக நிற்கவில்லை. பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. சென்ற ஆண்டு கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கூப்பிட்டதால் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கே மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம். மகனையும் கூட்டிப்போனார். இரண்டு மாதங்கள், அந்த இரவு விடிந்த காலையிலேயே அவனுக்கு வலிப்பு வந்தது. “ஆவி வெளிப்படுகிறது” என்று சொல்லி நாலு பேர் அவன் கைகாலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு ஜெபித்தார்கள். மணிக்கட்டு வீங்கிப்போனது. “முன்னோர் சாபம் இருக்கிறது. மாத்திரை கையில் இருக்கிற வரைக்கும் உங்கள் விசுவாசம் மாத்திரைமேல்தான் இருக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு 40 நாள் உபவாசம் இருங்கள், பிள்ளையும் ஒரு வேளை உபவாசம் இருக்கட்டும்” என்று அந்தக் கூட்டத்தை நடத்தும் ஊழியர் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 1 காத்திருப்பு ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் “நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்” என்ற வசனம் வந்தது. பரிகாரி என்றால் குணமாக்குகிறவர். பீரோ கதவில் ஒட்டிவைத்தார். பிப்ரவரியில் மறுபடி வலிப்பு வந்த இரவில் அதைக் கிழித்துப் போட்டார். அந்தக் குற்ற உணர்வு போகவில்லை. ஆலயத்தில் பாட்டு வாயில் வருவதில்லை. ஜெபிக்க முழங்காலிட்டால் வார்த்தை இல்லை. மாமியார் “உன் வீட்டு வகையில் யாருக்கோ இருந்திருக்கும்” என்கிறார். கணவரிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. “ராத்திரி படுக்கும்போது, காலையில் கண் முழிக்காமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது” என்று எழுதியிருக்கிறார். கேட்பவை மூன்று: கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டாரா? என் அவிசுவாசம்தான் காரணமா? மாத்திரையை நிறுத்தவா?

அன்புள்ள சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாற்பது நாள் வேண்டாம், ஒரு நாள்கூட வேண்டாம். ஏற்கெனவே ஒன்றிரண்டு வேளை நிறுத்தியிருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் மருத்துவரைக் கூப்பிட்டு என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் பழைய நிலைக்குப் போவதோடு நிற்காது. ஒரு வலிப்பு முடியாமலே அடுத்தது தொடர்ந்து, மூளைக்குச் சேதம் வரலாம், உயிரே போகலாம். மருத்துவர்கள்கூட, பொதுவாக இரண்டு ஆண்டு போல வலிப்பே வராமல் இருந்த பிறகுதான் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போதும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கிறார்கள். வலிப்பு இன்னும் வந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது, எந்தப் பெயரில் சொன்னாலும், பிள்ளையின் உயிரோடு செய்யும் பரீட்சை. “உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக” என்று தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசு பதில் சொன்னது, தாழக் குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனத்தைக் காட்டி அழைத்த பிசாசுக்குத்தான்.

அந்த இரவுகளில் நடந்தது என்ன

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட இடம், நீங்கள் போகிற போக்கில் எழுதியது. இரண்டு தடவையும் வலிப்பு வந்தது முழு இரவு ஜெபம் முடிந்த காலையில். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டிவிடும் காரணங்களில் பெரிய ஒன்று. பட்டினி, காய்ச்சல், மாத்திரை நேரம் தவறுவது ஆகியவையும் அப்படித்தான். ஒன்பது வயதுப் பிள்ளை விடிய விடிய ஒலிபெருக்கிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தான். ஒருவேளை இரவு மாத்திரையும் தள்ளிப்போயிருக்கும். காலையில் வலிப்பு வந்ததற்கு இதற்குமேல் காரணம் தேடவேண்டியதில்லை. இனி அவனை எந்த முழு இரவு ஜெபத்துக்கும் கூட்டிப்போகாதீர்கள். அவன் நேரத்துக்குத் தூங்குவது அவனுடைய சிகிச்சையில் ஒரு பாகம்.

நாலு பேர் அமுக்கிப் பிடித்ததும் தவறு. வலிப்பு வரும்போது பிடித்து அமுக்கினால் எலும்பு, மூட்டு அடிபடும். மணிக்கட்டு வீங்கியது அதனால்தான். நம் ஊரில் சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பார்கள், வாயில் கரண்டியை வைப்பார்கள். இரண்டும் வேண்டாம். சுற்றியிருக்கும் பொருட்களை நகர்த்திவிட்டு, தலைக்கு அடியில் ஒரு துணியை மடித்து வைத்து, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ உடனே 108. இதைப் பள்ளியில் அவன் வகுப்பு ஆசிரியருக்கும் மாமியாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பேய் ஓட்டுகிறேன் என்று பிள்ளையை அடிப்பதும் காயப்படுத்துவதும் குற்றம். ஜெபத்தின் பெயரில் செய்தாலும் குற்றம்தான். மறுபடி அப்படி நடந்தால், அல்லது யாராவது உங்களை மிரட்டினால், குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம். தாயத்து, மந்திரம் போன்றவற்றால் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. அதில் இருக்கும் நோய்ப் பட்டியலில் வலிப்புக்கும் இடம் இருக்கிறது. நீங்கள் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. “ஊழியர் சொல்லிவிட்டாரே, மறுத்தால் என்ன ஆகுமோ” என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மாத்திரை கொடுத்தும் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி மட்டும் மிச்சம். இதை மருத்துவரிடம் கேட்கவேண்டும், நேராகவே கேளுங்கள். பிள்ளைகளுக்கு மாத்திரையின் அளவை எடையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நாலு வயதில் இருந்த எடையா இப்போது? கடைசியாக எப்போது அளவைத் திருத்தினார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சரியாகக் கண்டறிந்து சிகிச்சை கொடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியும் அடங்காதவர்களுக்கு வேறு மருந்து, உணவுமுறை, சிலருக்கு அறுவைச் சிகிச்சை என்று வழிகள் உண்டு. தென்மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் தூரமில்லை; அங்குள்ள ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம் வலிப்பு நோய்க்கென்றே தனிப்பிரிவு வைத்து, 1995 முதல் அறுவைச் சிகிச்சையும் செய்துவருகிறது. செலவை நினைத்துத் தயங்கினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள்.

சாபமா, அவிசுவாசமா?

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த ஊழியர் உங்களுக்கு மாற்கு 9-ஆம் அதிகாரத்தைத்தான் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆவி பிடித்து அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுந்த பையனை இயேசு குணமாக்கிய கதை. உங்கள் வேதத்தை எடுத்து, அவர் சொன்னதை மறந்துவிட்டு, ஒரு தாயாக அதை மெதுவாகப் படியுங்கள். இயேசு அந்தத் தகப்பனிடம் “இது இவனுக்கு எவ்வளவு காலமாய் உண்டாயிருக்கிறது” என்று கேட்கிறார். ஒரு நல்ல மருத்துவர் கேட்கிற கேள்வி அது. அந்த மனுஷன் “சிறுவயது முதற்கொண்டே” என்று தன் வேதனையையெல்லாம் கொட்டுகிறான். முழு விசுவாசத்தோடு அவன் வரவில்லை. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடே சத்தமிட்டுச் சொல்கிறான். பாதி விசுவாசமும் பாதி அவிசுவாசமுமாக நின்ற அவனை, போய் முழுசாகக் கொண்டுவா என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை. அதே வாய்ப்பேச்சோடு, அதே நேரத்தில், அவன் பிள்ளைக்கு உதவி கிடைத்தது.

அடுத்து வரும் வசனம்தான் உங்கள் தலையில் சுமத்தப்பட்டது. “ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி” என்று இயேசு சொன்னது யாருக்கு? கூட்டம் கலைந்து, வீட்டுக்குள் போன பிறகு, “எங்களால் ஏன் முடியவில்லை” என்று தனியாக வந்து கேட்ட சீஷர்களுக்கு. பையனுக்கோ அவன் தகப்பனுக்கோ உபவாசக் கட்டளை இல்லை. உபவாசம் இருக்கவேண்டியவர் யாராவது உண்டென்றால், அது அந்த ஊழியர். ஒன்பது வயதுப் பிள்ளையும், பள்ளியில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு வரும் அவன் தாயும் அல்ல.

இந்த ஒரு கதையை வைத்து எல்லா வலிப்பும் பிசாசுதான் என்று சொல்பவர்களுக்கு மத்தேயு 4:24-ஐக் காட்டுங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியல் அது. பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும், சந்திரரோகிகளைத் தனியாகவும் எழுதியிருக்கிறது. வலிப்பு உள்ளவர்களைத்தான் அந்தக் காலத்தில் சந்திரரோகிகள் என்றார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேதமே விடவில்லை.

முன்னோர் சாபம் பற்றி நீளமாக எழுத எனக்கு மனமில்லை. தகப்பன்மாருடைய அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தொடரும் என்ற வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள், “குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை” என்ற எசேக்கியேல் 18-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, “இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ” என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். சில வகை வலிப்பு குடும்பத்தில் தொடர்ந்து வரலாம் என்பது உண்மை. கண்ணின் நிறம் வருவதுபோல வருவது அது. அதில் யாருடைய குற்றமும் இல்லை. உங்கள் மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்லவேண்டாம். அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். மருத்துவர் வாயால் கேட்கட்டும்.

நோய் நீங்கும் என்று ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. தேவன் குணமாக்குகிறார் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. நோயாளிகளின் கட்டிலருகே நின்று அதற்காக ஜெபிப்பது என் வேலையில் ஒரு பாகம். ஆனால் ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்திய சபை அல்ல நம்முடைய சபை. ஆலயம் கட்டிய கையோடு ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் மிஷனரிகளின் மருத்துவப் பணி 1838-இல் ஆரம்பித்தது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதை உலகமே அறியும். பவுல் தன்னோடு கூட்டிக்கொண்டு அலைந்த லூக்கா, “பிரியமான வைத்தியன்”. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று யாக்கோபு எழுதுகிறார். உங்கள் சபை ஐயரை, அதாவது போதகரை, வீட்டுக்கு அழையுங்கள். பிள்ளையின் தலையில் கைவைத்து, ராத்திரி எட்டு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அவர் சாந்தமாக ஜெபித்துப் போகட்டும். அதில் எந்த விசுவாசக் குறைவும் இல்லை.

கர்த்தர் எங்கே?

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இதைக் கடைசியில் வைத்தது முக்கியம் குறைவு என்பதால் அல்ல. பிள்ளையின் உயிர், விசுவாசக் குற்றச்சாட்டு ஆகிய இரண்டு பாரங்களை இறக்கிவைத்தால்தான் இதைப் பேச முடியும்.

கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றக் காரணமாக மூன்றைச் சொல்கிறீர்கள்: வலிப்பு நிற்கவில்லை, ஜெபத்தில் ஒன்றும் உணர முடியவில்லை, வாக்குத்தத்தத்தைக் கிழித்துவிட்டேன். மூன்றையும் சாட்சியாக ஏற்க என்னால் முடியவில்லை.

வலிப்பு நிற்காததை எடுத்துக்கொள்வோம். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. நீங்கள் தென்மாவட்டத்துக்காரர், டோனாவூர் உங்களுக்குத் தெரியும். அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே, வலியோடுதான் இருந்தார். சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் வார்த்தைகள் ஒட்டவில்லை என்று அந்தப் படுக்கையிலிருந்தே எழுதினார். அவரைக் கர்த்தர் கைவிட்டார் என்று டோனாவூரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உணர முடியாததைப் பற்றி. அன்னை தெரேசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். கொல்கத்தாத் தெருக்களில் அவர் வேலை செய்த பல பத்தாண்டுகள், உள்ளுக்குள் தேவனை உணராத இருளிலேயே கழிந்திருக்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்தில் உங்களுக்கு முன்னால் பெரியவர்கள் இருந்திருக்கிறார்கள். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதத்தை இன்று இரவு எடுத்துப் படியுங்கள். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதியிலோ நம்பிக்கையிலோ போய் முடியும், அது முடியாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்றதோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே யாரும் ஒரு ‘அல்லேலூயா’ சேர்க்கவில்லை. அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள், நாம் ஆலயத்தில் வாசிப்பதற்காக.

வார்த்தை வரவில்லை என்றால் அந்தச் சங்கீதத்தை உங்கள் வார்த்தையாக வாசியுங்கள். அல்லது, எனக்கு எழுதினீர்களே ஒரு வரி: “ஏன் ஆண்டவரே, ஒரு பிள்ளையைத்தானே கொடுத்தீர், அதையும் ஏன் இப்படி.” அதை எனக்கு எழுதுவதற்குப் பதிலாக அவரிடமே சொல்லுங்கள். கோபமாகச் சொல்லுங்கள். கடவுளே இல்லை என்று முடிவுசெய்தவர் யாரிடமும் சண்டை பிடிப்பதில்லை; நீங்கள் இன்னும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் கர்த்தருக்காகப் பரிந்து பக்தியோடு பேசினார்கள், யோபு கர்த்தரோடு வழக்காடினான். முடிவில் “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்று கர்த்தர் கோபித்தது அந்தப் பக்திமான்களைத்தான். சிலுவையில் ஆண்டவர் ஜெபித்ததும் ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரி: “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்.” நாம் கேட்கப் பயப்படும் கேள்வியை அவர் சத்தமாகவே கேட்டார். அதனால், உங்கள் படுக்கையறையில் நீங்கள் கேட்கும் அதே கேள்விக்குள்ளேயே அவர் இருந்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். நான் உங்களுக்குக் கொடுக்க முடிந்த பதில் இவ்வளவுதான். பிள்ளைக்கு ஏன் வலிப்பு வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கிழித்த அட்டையைப் பற்றி மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். புத்தாண்டில் அட்டை எடுப்பது நம் சபைகளில் வந்த ஒரு வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த வசனம் பிப்ரவரிக்குள் நடக்கும் என்று தேதி போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் அல்ல. அந்த வசனம் யாத்திராகமத்தில் எங்கே வருகிறது தெரியுமா? மூன்று நாள் வனாந்தரத்தில் தண்ணீர் இல்லாமல் நடந்து, கிடைத்த தண்ணீரும் கசப்பாக இருந்த மாராவில். முறுமுறுத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகும் நாற்பது வருஷ நடை இருந்தது. “நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்” என்று ஏசாயாவில் வாக்கு இருக்கிறது. தண்ணீரே வராது என்ற வாக்கு எங்கும் இல்லை. நீங்கள் கிழித்தது அச்சடித்த ஒரு தாளை. தான் பிறந்த நாளையே சபித்த எரேமியாவைக் கர்த்தர் ஊழியத்திலிருந்து தள்ளவில்லை.

ஆலயத்தில் பாட முடியாவிட்டால் சும்மா நில்லுங்கள், உட்கார்ந்துகொள்ளவும் செய்யலாம். பக்கத்து வரிசையில் இருப்பவர்கள் பாடட்டும். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். “இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” என்று எழுதியிருக்கிறது. படுத்துக்கிடந்தவனின் விசுவாசத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. உங்கள் பிள்ளையை அமுக்கிப் பிடித்த நாலு பேருக்குப் பதிலாக, இப்படிச் சுமக்கிற நாலு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் விசாரணை பண்ணாமல் வந்து உட்கார்ந்து, பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் ஒருவராவது இருப்பார்.

உங்களுக்கும் ஒரு மருத்துவர் வேண்டும்

கண் முழிக்காமல் போனால் நல்லது என்று எழுதியதை நான் லேசாகக் கடந்துபோகவில்லை. அது பாவம் என்றோ, ஆவிக்குரிய வீழ்ச்சி என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஐந்து வருஷமாகத் தனியாக ராத்திரியில் ஒரு காதைத் திறந்துவைத்துத் தூங்கும் தாய்க்கு மனச்சோர்வு நோய் வருவது ஆச்சரியமில்லை. ஜெபிக்க முடியாதது, பாட முடியாதது, எதிலும் ருசி இல்லாதது எல்லாம் அந்த நோயின் அறிகுறிகளாகவும் இருக்கும். தேவன் தூரமானதுபோல் தோன்றுவதில் நோய்க்கு எவ்வளவு பங்கு என்று சிகிச்சைக்குப் பிறகுதான் தெரியும்.

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று கேட்டான். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான். எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரைக்கும், எந்த நேரத்திலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம்; அரசின் இலவசச் சேவை, தமிழில் பேசுவார்கள். சாகவேண்டும் என்ற நினைப்பு வலுத்தாலோ, எப்படி என்று மனம் யோசிக்க ஆரம்பித்தாலோ, பிள்ளையையும் சேர்த்து நினைத்தாலோ, வாரம் பார்க்கவேண்டாம்; அந்த நேரமே ஒருவரைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பள்ளியில் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் ரகசியமாக வைத்திருக்கவேண்டும். ஆசிரியர் அறையில் யாருக்கும் அது போகாது.

அந்த ஜெபக்கூட்டமும் உங்கள் கணவரும்

அந்தக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துங்கள் என்பதுதான் என் ஆலோசனை. உங்களை அழைத்துப்போன ஆசிரியையோடு நாளும் முகம் பார்க்கவேண்டியிருக்கும், எனக்குப் புரிகிறது. அவர் அன்பில்தான் அழைத்தார். “மருத்துவர் தூக்கம் கெடக்கூடாது என்று சொல்லிவிட்டார், நீங்கள் வீட்டிலிருந்து ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் போதும். ஊழியரிடம் விளக்கம் கொடுக்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அவர் வீடு தேடி வந்தால் தனியாகச் சந்திக்காதீர்கள். சபை ஐயரோ உங்கள் அண்ணனோ கூட இருக்கட்டும்.

உங்கள் மகன் “நான் என்ன தப்பு செஞ்சேன், இயேசுவுக்கு என்னைப் பிடிக்காதா” என்று கேட்டதாகவும், நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போய்ச் சொல்லுங்கள். “நீ ஒரு தப்பும் செய்யலை. மூளைக்குள்ள சில நேரம் மின்சாரம் தாறுமாறாப் போயிடுது, அதுக்குத்தான் மாத்திரை. இயேசுவுக்கு உன்னைப் பிடிக்கும். அந்த மாமாக்கள் உன் கையைப் பிடிச்சது தப்பு, இனிமே யாரையும் அம்மா விடமாட்டேன்.” பிள்ளைக்குக் கடைசி வாக்கியம் மற்ற எல்லாவற்றையும் விட அவசியம்.

கணவர் அங்கே இருந்து பதறுவார் என்று பாதியை மறைக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை. பதறவும் அவருக்கு உரிமை உண்டு. இந்த வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறையாக இருக்கும். பிள்ளை தூங்கிய பிறகு கூப்பிட்டு, முழு இரவு ஜெபம், மணிக்கட்டு, மாத்திரை, அட்டை, ராத்திரி வரும் நினைப்பு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தையே படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த நரம்பியல் பரிசோதனைத் தேதிக்கு அவர் விடுப்பில் வர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் மருத்துவர் அறையிலிருந்தே வீடியோவில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கேட்கவேண்டியவற்றை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இப்போதைய எடைக்கு அளவு சரியா, இரண்டாவது மருந்து வேண்டுமா, திருவனந்தபுரத்துக்குக் கடிதம் தருவீர்களா. அவர் சொன்ன பதிலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.